பணம் போய் 4 நாள் ஆகிறது, கார் பாலிசி காப்பி இன்னும் வரவில்லை. வண்டியை எடுக்கலாமா?

ஒரகடம்_ஷிப்ட் | செவ்வாய், இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். 3 வருடத்துக்கு முன் வாங்கிய கார், 1197 சிசி பெட்ரோல். பழைய பாலிசி ஞாயிறு நள்ளிரவோடு முடிந்துவிட்டது. நான் கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கம்பெனி வெப்சைட்டில் வண்டி எண்ணைப் போட்டு, லாகின் எதுவும் இல்லாமல் நேராக ரினியூவல் பணம் கட்டினேன். 14,860 ரூபாய். வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது. திரையில் பச்சை டிக்கோடு, பணம் கிடைத்துவிட்டது, பாலிசி மின்னஞ்சலில் வரும் என்று போட்டிருந்தது. அதோடு சரி.

இன்று வரை மெயிலும் இல்லை, எஸ்எம்எஸ்ஸும் இல்லை. கம்பெனி ஆப்பைத் திறந்தால் பழைய பாலிசிதான் சிவப்பு எழுத்தில் முடிந்ததாகக் காட்டுகிறது. கஸ்டமர் கேருக்கு மூன்று தடவை பேசிவிட்டேன். மூன்று பேரும் 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்றே சொல்கிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்டால் பதில் இல்லை.

ஷிப்டுக்கு அதிகாலை 5 மணிக்கு வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் போகிறவன் நான். அந்த நேரத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் ஓட்ட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை தாம்பரத்துக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறேன். இன்று ஆட்டோவில்தான் போய் வந்தோம். எனக்கு இப்போது இன்சூரன்ஸ் இருக்கிறதா இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_கியர் | செவ்வாய், இரவு 10:31

பழைய பாலிசி முடியும் முன்பே கட்டியிருந்தால் சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்துவிடும். 4 நாள் என்பது சரியில்லை. ஸ்பேம் பார்த்தீர்களா? டிஜிலாக்கரில் அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து பாலிசியை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பிலும் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் தேதி மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஒரகடம்_ஷிப்ட் | செவ்வாய், இரவு 10:50

ஸ்பேம், குப்பை எல்லாம் அலசிவிட்டேன். டிஜிலாக்கர் பாலிசி எண் கேட்கிறது. அந்த எண்தானே என்னிடம் இல்லை. எம்பரிவாகனில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியே நிற்கிறது.

நெல்லை_டீசல் | செவ்வாய், இரவு 11:04

இதற்கெல்லாம் பயப்படாதீங்க அண்ணே. பணம் கட்டிய ரசீது இருக்கிறதல்லவா, அதை பிரின்ட் எடுத்து வண்டியில் வையுங்கள். போன வருடம் எனக்கும் இதே மாதிரிதான், இரண்டு வாரம் ரசீதை வைத்தே ஓட்டினேன். வள்ளியூர் பக்கம் ஒரு தடவை நிறுத்தினார்கள், ரசீதைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள்.

பழைய_ஏஜென்ட் | புதன், காலை 6:20

நெல்லைத் தம்பி நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் அதை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் விழுப்புரம் பக்கம் 22 வருடம் மோட்டார் பாலிசி போட்டவன். இப்போது விட்டுவிட்டேன்.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது என்பது ஒன்று, கம்பெனி ரிஸ்க் ஏற்றது, அதாவது நஷ்டத்துக்குப் பொறுப்பேற்றது என்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கலாம். 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தில் 64விபி என்று ஒரு பிரிவு உண்டு. பிரீமியம் முன்கூட்டியே கம்பெனி கைக்கு வராமல் எந்தக் கம்பெனியும் ரிஸ்க் ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். ஏஜென்ட் பணம் வாங்கினால்கூட, விடுமுறை நாள் போக 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தையும் கம்பெனியில் கட்டிவிட வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. எங்களை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

உங்கள் பணம் இப்போது மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். நடுவில் இருக்கும் பேமென்ட் நிறுவனத்திலேயே தங்கியிருக்கலாம். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தும், வண்டி விவரத்தில் ஏதோ ஒத்துவராமல் பாலிசி போடாமல் நிற்கலாம். இல்லையென்றால் பாலிசி போட்டாகிவிட்டது, காகிதம்தான் வேறு எங்கோ போயிருக்கிறது. முதல் இரண்டில் நீங்கள் காரை எடுக்கக் கூடாது. மூன்றாவதென்றால் தாராளமாக எடுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதனால் கஸ்டமர் கேரில் பாலிசி எப்போது வரும் என்று கேட்காதீர்கள். பாலிசி நம்பர் விழுந்துவிட்டதா என்று கேளுங்கள். விழுந்துவிட்டதென்றால் அந்த எண்ணை வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ரிஸ்க் எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேளுங்கள். பிறகு, எந்த மெயிலுக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில்தான் பாதிப் பிரச்சினை தீரும், என் அனுபவம் அப்படி.

அந்தக் காலத்தில் கவர் நோட் என்று கொடுப்போம். கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதி, முத்திரை குத்திக் கிழித்துத் தருவோம். 60 நாள் செல்லும். பாலிசி வருவதற்குள் விபத்து நடந்தால் அந்தச் சீட்டே போதும். இப்போது ஆன்லைனில் நேராக பாலிசியே வந்துவிடுவதால் அந்த வழக்கம் போய்விட்டது. ரசீதை கவர் நோட் என்று நினைக்கிற பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. ரசீது கவர் நோட் ஆகாது.

நெல்லை_டீசல் | புதன், காலை 7:02

ஐயா சொன்ன பிறகுதான் போன வருட பாலிசியை எடுத்துப் பார்த்தேன். பணம் கட்டிய தேதிக்கு 9 நாள் கழித்துத்தான் ரிஸ்க் தொடங்கியிருக்கிறது. அந்த 9 நாளும் தினம் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டிருக்கிறேன். காலையிலேயே மனது கலங்கிவிட்டது. நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

கோவை_கியர் | புதன், காலை 7:40

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்கு ஷோரூமிலேயே 3 வருட தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கான கவர்) போட்டுத்தான் தருவார்கள். அதனால் முதல் இரண்டு ரினியூவலில் நாம் கட்டுவது சொந்தச் சேதத்துக்கு மட்டும். அந்தச் சமயத்தில் பாலிசி தாமதமானாலும் தேர்டு பார்ட்டி உயிரோடு இருக்கும். எம்பரிவாகனில் அந்த 3 வருடத் தேதியைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு, சொந்தச் சேதம் முடிந்து மாதக் கணக்காகியிருக்கும்.

உங்களுக்கு இது மூன்றாவது ரினியூவல். அதாவது தேர்டு பார்ட்டியும் சொந்தச் சேதமும் ஒரே நள்ளிரவில் முடிந்திருக்கின்றன. தேர்டு பார்ட்டி இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை 4,000. இந்த அபராதத்தைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். ஒருவர் மேல் வண்டி பட்டுவிட்டால் தீர்ப்பாயம் சொல்லும் நஷ்டஈட்டை நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். வீடு நிலம் வரை போய்விடும்.

ஒரகடம்_ஷிப்ட் | புதன், காலை 8:15

படித்தேன். இன்றைக்கு கம்பெனி பஸ்ஸில் போகிறேன். இடைவேளையில் போன் போட்டு, ஐயா சொன்னபடி கேட்கிறேன்.

முடிச்சூர்க்காரன் | புதன், காலை 11:26

பாலிசி காப்பி போலீசுக்குக் காட்டத்தான் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். என் கதையைச் சொல்கிறேன்.

2023 நவம்பர் கடைசியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ரினியூவல் போட்டேன். பாலிசி போட்டாச்சு, காப்பி அப்புறம் அனுப்புகிறேன் என்றார். வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், புதுத் தேதி வந்துவிட்டது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல் மழை. 4-ஆம் தேதி விடிந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், வாசலில் நின்ற காரின் ஸ்டியரிங் வரை ஏறியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்கிற தவற்றை நானும் செய்தேன். ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பாலிசி எண் இல்லாமலே வண்டி எண்ணை வைத்து கிளெய்ம் பதிந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். சர்வேயர் வந்தார். சேறு பிடித்த சீட்டையெல்லாம் போட்டோ எடுத்தார். அப்புறம் தன் போனில் என் பாலிசியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். சார், எஞ்சின் புரொடக்‌ஷன் போடவில்லையே என்றார். என் பாலிசியை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த நிமிடம்தான், அதுவும் வேறொருவர் போனில். முந்தின வருடம் இருந்த கவர், இந்த வருடமும் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது அப்போது ஞாபகம் வந்தது.

சீட், வயரிங், கார்பெட் எல்லாவற்றுக்கும் கிளெய்ம் கிடைத்தது. தண்ணீர் ஏறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் சாதாரண பாலிசியில் வராது. எஞ்சின் வேலை முழுக்க என் கைக்காசு, ஒரு லட்சத்தைத் தாண்டியது. பாலிசி வந்த அன்றே நான்கு பக்கத்தைப் படித்திருந்தால், மழைக்கு முன் கேட்டிருப்பேன்.

தம்பி, காப்பி கைக்கு வந்ததும் இங்கே வந்துவிட்டது என்று மட்டும் போடாதீர்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

காரைக்குடி_ரோடு | புதன், மதியம் 1:08

தாமதம் என்றால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். கம்பெனி வெப்சைட்டில் கட்டியவருக்கு இது பொருந்தாது, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் மாமா ரோட்டோரம் குடை வைத்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பாலிசி போட்டார். இரண்டு வாரம் இழுத்தடித்து ஒரு வண்ணத் தாள் தந்தார். பார்க்க அசல் போலவே இருந்தது. அதிலிருந்த எண்ணைக் கம்பெனியில் கேட்டால், அது வேறொருவருடைய டூவீலர் பாலிசி.

1000-க்கு மேல் 1500 சிசி வரையுள்ள காருக்கு தேர்டு பார்ட்டி மட்டும் வருடத்துக்கு 3,416 ரூபாய் என்று 2022 ஜூன் 1 முதல் அரசு நிர்ணயித்த கட்டணம். அது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,031 ஆகிறது. அந்தக் கணக்குப்படி 2,500 ரூபாய்க்கு முழு பாலிசி என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாமா கட்டியது 2,800.

ஒரகடம்_ஷிப்ட் | புதன், மதியம் 2:35

கேட்டேன். ஐயா சொன்ன அதே வார்த்தை, நம்பர் விழுந்துவிட்டதா என்றேன். பேசிய பெண் ஒரு நிமிடம் ஹோல்டில் போட்டுவிட்டு வந்து, விழுந்துவிட்டது சார், வெள்ளிக்கிழமை இரவு 7:42-க்கே என்றார். ரிஸ்க் ஞாயிறு நள்ளிரவு முடிந்து திங்கள் 00:00-க்குத் தொடங்குகிறது. நடுவில் இடைவெளி இல்லை. இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த கனம் இறங்கியது.

எந்த மெயிலுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். முழுதாகச் சொல்ல முடியாது என்று முதல் மூன்று எழுத்தை மட்டும் சொன்னார். அது நான் கார் வாங்கிய ஷோரூமின் மெயில். கார் எடுத்த அன்று அவர்கள் ஃபாரத்தில் தங்கள் மெயிலையும் தங்கள் மொபைல் எண்ணையும் போட்டிருக்கிறார்கள். முந்தைய இரண்டு வருடமும் ஷோரூம்காரர்களே போன் செய்து ரினியூவல் போட்டு, வாட்ஸ்அப்பில் காப்பி அனுப்பியதால் எனக்குத் தெரியவே இல்லை. இந்த வருடம் நானாகக் கட்டினேன். லாகின் இல்லாமல் கட்டியதால் பழைய விவரம் அப்படியே போயிருக்கிறது.

மெயிலையும் மொபைலையும் மாற்ற ஆர்சி, பான் கார்டு காப்பி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன். பாலிசி எண் கிடைத்ததால் டிஜிலாக்கரில் போட்டேன், உடனே வந்துவிட்டது.

பழைய_ஏஜென்ட் | புதன், மாலை 4:10

நல்ல செய்தி. டிஜிலாக்கரில் வந்ததை ரோட்டில் நிறுத்தினால் காட்டலாம், சட்டப்படி செல்லும். வாகன் என்ற அரசு வண்டிப் பதிவேட்டில் புதுத் தேதி ஏற இன்னும் ஓரிரு நாள் ஆகலாம், அதற்குக் கவலை வேண்டாம்.

ஷோரூமைப் பற்றி ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் மெயில் இருக்க வேண்டிய கட்டத்தில் தன் மெயிலைப் போடுவது தவறு. அடுத்த ரினியூவல் தங்கள் கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகச் செய்கிறார்கள். ஏஜென்ட்களிலும் இதைச் செய்தவர்கள் உண்டு, பக்கத்து மேஜையில் பார்த்திருக்கிறேன். பாலிசி பாலிசிதாரருடையது. அது அவருக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும்.

நம்பர் விழவே இல்லை என்று பதில் வந்திருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது, பணம் போனதற்கு வங்கி தரும் யுடிஆர் எண்ணோடு மெயில் போடுங்கள். அசையவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார்த் தளத்தில் பதியலாம், 155255-க்குப் பேசலாம். அப்புறம் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், புகாரை விசாரித்துத் தீர்ப்பவர். நம் பக்கத்துக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி தராமலிருப்பது 2017-ஆம் வருட ஆம்புட்ஸ்மேன் விதிகளில் தனிப் புகார்க் காரணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தியில்லாவிட்டாலும், ஒரு வருடத்துக்குள் அங்கே போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இதெல்லாம் நடக்கிற வரை வண்டி இல்லாமல் இருக்க முடியாது என்றால், தேர்டு பார்ட்டி மட்டும் வேறு கம்பெனியில் உடனே போட்டுக்கொள்ளுங்கள். முதல் பணம் பிறகு திரும்பி வரட்டும். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான என்சிபிக்குப் பயப்பட வேண்டாம். பழைய பாலிசி முடிந்து 90 நாளுக்குள் சொந்தச் சேத பாலிசியைப் புதுப்பித்தால் அது போகாது. என்ன, இடைவெளி விழுந்துவிட்டால் வண்டியைப் படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் போடுவார்கள்.

முடிச்சூர்க்காரன் | புதன், மாலை 5:55

படித்தீர்களா தம்பி?

ஒரகடம்_ஷிப்ட் | புதன், இரவு 11:18

படித்தேன் அண்ணா. ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் போன வருடக் காப்பியையும் இதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன்.

எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ஆர்சியோடு ஒத்திருக்கிறது. என்சிபி 35 சதவீதம், மூன்று வருடம் கிளெய்ம் இல்லாததற்குச் சரி. ஸீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர், இருக்கிறது. எஞ்சின் புரொடக்‌ஷன் இல்லை. ஷோரூம் போட்ட இரண்டு வருடமும் இருந்திருக்கிறது. வண்டி எண்ணைப் போட்டதும் வந்த தொகையை அப்படியே கட்டிவிட்டேன், என்னென்ன கவர் என்று திறந்து பார்க்கவில்லை. கார் லோன் போன வருடமே முடிந்துவிட்டது, இதில் இன்னும் வங்கியின் பெயர் இருக்கிறது. அதாவது வண்டி முழுச் சேதமானால் பணம் வங்கி வழியாகத்தான் போயிருக்கும்.

அப்புறம் கடைசிப் பக்கம். ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீட்டில் நாமினி என்று அப்பா பெயர். அப்பா தவறி 14 மாதம் ஆகிறது. அம்மா எதிரில் உட்கார்ந்து, என்னடா பார்க்கிறாய் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, வண்டி பேப்பர் என்றேன்.

பழைய_ஏஜென்ட் | வியாழன், காலை 6:05

நாமினியை இன்றே மாற்றுங்கள் தம்பி. பாலிசியில் செய்யும் திருத்தத்துக்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர், அப்படியே கேளுங்கள். மெயிலில் எழுதினால் போதும், அம்மாவின் பெயர், பிறந்த தேதி, உறவு. வங்கிப் பெயரை நீக்க லோன் முடிந்ததற்கு வங்கி தந்த என்ஓசி வேண்டும். ஆர்சியிலும் நீக்கவில்லை என்றால் அதே என்ஓசியோடு ஃபாரம் 35 ஆர்டிஓவில் கொடுக்க வேண்டும், அதை முதலில் முடியுங்கள்.

எஞ்சின் கவரை வருடத்தின் நடுவில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் பாலிசி தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது, கேட்டுப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

முடிச்சூர்க்காரன் | வியாழன், காலை 9:30

முடியாது என்று சொன்னாலும் இரண்டாம் முறை எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஒரகடம்_ஷிப்ட் | அடுத்த புதன், இரவு 9:47

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். எஞ்சின் கவருக்கு முதலில் அடுத்த ரினியூவலில்தான் என்றார்கள். முடிச்சூர் அண்ணன் சொன்னபடி இரண்டாம் முறை குறைதீர் அதிகாரிக்கே எழுதினேன். முந்தைய இரண்டு வருடக் காப்பியையும் இணைத்தேன். வண்டியை நான்கு பக்கமும், பானெட்டைத் திறந்தும் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கூடுதல் பிரீமியம் கட்டி, நேற்று சேர்த்துவிட்டார்கள். வங்கியில் என்ஓசி வாங்கிவிட்டேன், ஆர்டிஓ வேலை சனிக்கிழமை எழுதிக்கொடுக்கப் போகிறேன். எம்பரிவாகனிலும் தேதி மாறிவிட்டது.

நாமினி எண்டார்ஸ்மென்ட் இன்று சாயங்காலம் வந்தது, இந்தத் தடவை என் மெயிலுக்கே. முதலில் வந்ததில் அம்மா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. ஆதாரில் உள்ளபடி வேண்டும் என்று உடனே திருப்பி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் திருத்தி அனுப்பினார்கள். இரண்டு பிரின்ட் எடுத்து, ஒன்றை வண்டியில் வைத்தேன். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அப்பாவின் பழைய ஃபைலில் வைத்திருக்கிறார்கள்.